எழுதிக் கொடுத்த வீடு

பெப்ரவரி 11

பருவம் தப்பிய மழை. வீதியோரம் காயப் போட்ட நெல்லை அள்ளிக்கொண்டு ஆட்கள் ஓட்டம். நிந்தவூரில் பஸ் நின்றேவிட்டது. முன் இருக்கைக்காரர் போனில் யாருக்கோ: "நெல்லும் நனஞ்சி, நானும் நனஞ்சி. நெல்லயாச்சும் திரும்பக் காயப் போடலாம்."

செய்ய வேண்டியவை:
– ஆய்வேடு, நாலாம் அத்தியாயம்.
– நோர்வேயில் முதுமாணிப் படிப்புக்கான விண்ணப்பத்துக்கு நோக்கக் கட்டுரை. முதல் வசனம் மட்டும் இருக்கிறது.
– சேரிடம் பரிந்துரைக் கடிதம்.
– வீட்டில் சொல்வது.

கடைசியை எப்போதும் கடைசியில்தான் எழுதுகிறேன். போன மாதப் பட்டியலிலும் அப்படித்தான்.

முதல் வசனம்: "நான் பிறந்த கரையில் வீடு பெண்ணுடையது, ஆண்தான் ஒரு பெட்டியோடு அதற்குள் வந்து சேர்கிறான்." நோர்வேயில் இருப்பவர்களுக்குப் பிடிக்கும். எனக்கே பிடித்திருக்கிறது. அதனாலேயே கொஞ்சம் சந்தேகம்.

பெப்ரவரி 14

சேரின் அறை. என் ஆய்வேட்டுக்கு அவர்தான் மேற்பார்வை. மேசை முழுக்க விடைத்தாள்கள். அவற்றின் மேல் பாதி கடித்த ரோல்ஸ்.

"பரிந்துரைதானே? நீங்களே எழுதிக் கொண்டு வாங்க. நான் சைன் வெச்சித் தாறன்."
"என்ன எழுதுற சேர்?"
"நல்லாத்தான் எழுதணும். கெட்டதா எழுதினா யாரு எடுப்பான்?"

எல்லாருக்கும் இப்படித்தானாம். கெம்பஸில் நாலு வருடம் படித்துவிட்டுக் கடைசியில் நம்மை நாமே புகழ வேண்டும். அதற்கு ஒரு பாடம் வைத்திருக்கலாம்.

திரும்பும் பஸ்ஸில் தர்ஷினி. காரைதீவு, முதல் வருடத்திலிருந்து பக்கத்து இருக்கை. அவள் மேலே படிக்கப் போவதில்லை. ஆசிரியர் போட்டிப் பரீட்சைக்குப் படிக்கிறாள். கடிதத்தைத் தான் சொல்லச் சொல்ல என்னை எழுதவைத்தாள்.

"'முப்பது வருட சேவையில் நான் கண்டெடுத்த முத்து' எண்டு போடு."
"அவருக்குச் சேவையே பத்து வருசம்தான்."
"அப்ப அவரையும் சேர்த்துப் புகழு. சந்தோசத்தில வாசிக்காமலே சைன் வைப்பார்."

வீட்டுக்கு வந்து நானாக ஒன்று எழுதினேன். "இவர் வகுப்பில் அதிகம் பேசமாட்டார். கேட்ட கேள்வியை மறக்கமாட்டார். தெரியாததைத் தெரியாது என்பார்." மூன்று வசனம். மூன்றும் உண்மை.

பெப்ரவரி 17

என் மூன்று வசனங்களையும் சேர் வாசித்தார். சிரித்தார்.

"என்ன இது? பொலிஸ்ல குடுக்கிற நற்சான்று மாதிரி இரிக்கி."

தர்ஷினி சொன்னதைக் கொடுத்தேன். கையெழுத்து விழுந்தது. முத்து மட்டும் வெட்டப்பட்டது, மற்றதெல்லாம் உண்டு.

பின்னேரம் இறக்காமம். ஆய்வேட்டுக்குக் கடைசி நேர்காணல். மூன்று பெண்பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த ஒரு உம்மா. மூன்றாவது மகளுக்கு இருந்த வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டு, இப்போது வளவின் பின்னால் தகரம் போட்ட சமையல் குசினியில் இருக்கிறார். நெல் மூடைகளும் அங்கேதான். காட்டு யானை இறங்கும் ஊர்.

"யானை வாறல்லயா?"
"வராம? போன போகம் செவர இடிச்சிட்டுத்தான் போன. அதுக்கு நெல்லு வாசம் தெரியும் புள்ள. முன்வீட்டுக்கு ஒண்டும் செய்யிறல்ல. நெல்லும் நானும் இரிக்கிற இடத்துக்குத்தான் நேரா வாற."

சிரித்தார். நானும் சிரித்தேன். மகள் தேத்தண்ணி கொண்டு வந்தாள். அவளுடைய வீடு, அவளுடைய கோப்பை. உம்மா கோப்பையை வாங்கும்போது, "கஷ்டப்படாதகா, நான் ஊத்திக் குடிப்பன்" என்றார். விருந்தாளி சொல்வது போல.

இதை எங்கே எழுதுவது? அத்தியாயத்தில் "சீதன வீடு: பெண்ணின் பாதுகாப்பு" என்று தலைப்புப் போட்டாகிவிட்டது.

பெப்ரவரி 20

விண்ணப்பம் போனது. பரிந்துரையை நோர்வேப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் சேரே ஏற்ற வேண்டுமாம். அவருக்கு நேரமில்லை. தன் மின்னஞ்சலைத் திறந்து கொடுத்துவிட்டு விரிவுரைக்குப் போய்விட்டார்.

அவருடைய கதிரை, அவருடைய பெயர், அவருடைய குரல். என்னைப் பற்றி நானே அனுப்பினேன். "இவரை எவ்வளவு காலமாக அறிவீர்கள்?" என்று ஒரு கேள்வி. கொஞ்சம் யோசித்தேன். "நான்கு வருடங்கள்" என்று போட்டேன்.

மார்ச் 15

நோன்பு. வெயில் ஏறிவிட்டது. அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மா கஞ்சி துழாவிக்கொண்டிருந்தார். நான் தேங்காய் துருவல். இன்று சொல்லியே ஆக வேண்டும். 18ஆம் திகதி நோர்வேக்காரர்களோடு இணையத்தில் நேர்முகம்.

ஒரு மாதமாகத் தயாரித்து வைத்த பதில்கள்:
– தனியாக எப்படி? — விடுதி உண்டு. பெண்களுக்குத் தனி மாடி.
– சாப்பாடு? — ஹலால் கடைகள் உண்டு. தேடிப் பார்த்துவிட்டேன்.
– வயது போகிறதே? — இரண்டு வருடம்தான்.
– ஊர் என்ன கதைக்கும்? — இதற்குப் பதில் இல்லை. அழுவது என்று முடிவு.

சொன்னேன். உம்மா அகப்பையை நிறுத்தவில்லை.

"எத்தின வருசம்?"
"ரெண்டு. செலவ அவங்களே குடுப்பாங்க."
"ம். வாப்பாட்டயும் ஒரு சொல்லுச் சொல்லு. போயிட்டு வா."

அவ்வளவுதான். துருவலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பதில்களெல்லாம் வாய்க்குள்ளேயே. சண்டைக்கு வாள் தீட்டிக்கொண்டு போனவனுக்குக் கோட்டைக் கதவு திறந்தே கிடந்தால் எப்படி இருக்கும்? சந்தோசமாக இருக்க வேண்டும். இருந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

வாப்பா கடையிலிருந்து வந்து நோன்பு திறந்தார். சைக்கிள் பார்ட்ஸ் விற்கும் கை. ஈச்சம்பழத்திலும் கிறீஸ் மணம். "அல்லாஹ் லேசாக்கட்டும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 18

நேர்முகம். தங்கை ரிஸ்னா வாசலில் நின்று கோழிகளைத் துரத்திக்கொண்டிருந்தாள், சத்தம் வராமல் இருக்க. திரையில் மூன்று பேர். நடுவில் நரைத்த முடியுள்ள பெண்மணி. பேராசிரியை.

என் முதல் வசனத்தைத் திருப்பி வாசித்துக் காட்டினார். மிகவும் பிடித்திருந்ததாம்.

"உங்களுக்கும் அப்படி ஒரு வீடு இருக்கிறதா?"

இருக்கிறது என்றேன். கடல் பழைய வீட்டைக் கொண்டுபோன பிறகு வாப்பா கட்டியது. நான் மூத்தவள், பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே என் பெயரில் எழுதிவிட்டார்கள். இப்போது நான் உட்கார்ந்து பேசும் இந்த அறை, இந்த வடக்கு யன்னல், எல்லாம் சட்டப்படி என்னுடையது. சொல்லும்போது குரலில் ஒரு பெருமை வந்தது. எங்கிருந்து வந்ததோ.

"அற்புதம்" என்றார். முடிவில்: "இலையுதிர் காலத்தில் உங்களைச் சந்திப்போம் என்று நம்புகிறோம்."

வெளியே வந்து ரிஸ்னாவைக் கட்டிப் பிடித்தேன். "கிடைச்சிட்டாகா?" என்றாள். "அப்படித்தான்" என்றேன். அவள் ஓடிப்போய் உம்மாவிடம் சொன்னாள். உம்மா பக்கத்து வீட்டில் சொன்னார். நோன்பு திறக்கும் முன் தெரு முழுக்கத் தெரியும்.

மார்ச் 22

உம்மா மறுக்காததன் காரணம் தெரிந்துவிட்டது.

உம்மா என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். ஏதாவது இல்லாமல் உட்காரமாட்டார்.

"ரிஸ்னாக்கு ஒரு இடம் வந்திரிக்கி. சாய்ந்தமருது. வாத்தியார். குணமான புள்ளயாம்."
"நல்லதுதானே."
"அவங்க ஒண்டும் கேக்கல்ல புள்ள. வீடு மட்டுந்தான்."

ஒன்றும் கேட்கவில்லை. வீடு மட்டும்தான். இதை யாரும் சிரிக்காமல் சொல்கிற ஊர் இது. என் ஆய்வேட்டில் இந்த வசனம் இல்லை. யாரும் நேர்காணலில் இப்படிச் சொல்லவில்லை. ஒலிப்பதிவுக் கருவி வைத்துக்கொண்டு போனால் சொல்லமாட்டார்கள் போலும்.

ரிஸ்னாவுக்கு என்று தொடங்கிய வீடு வளவின் மறுபக்கம் நிற்கிறது. வீடு இல்லை, நாலு தூண். சீமெந்து விலை ஏறிய வருடத்தில் நின்றது. தூண் தலையில் கம்பிகள் துருப்பிடித்து வளைந்திருக்கின்றன. உம்மா அதில் உடுப்புக் காயப் போடுகிறார்.

"நீதான் போகப் போறாயே. போற புள்ளைக்கு வீடு என்னத்துக்கு? நீ திரும்பி வாறத்துக்குள்ள அங்கால உள்ளத்தக் கட்டி முடிச்சிரலாம், இன்ஷா அல்லாஹ்."

யன்னலால் தூண்களைப் பார்த்தோம். இரண்டு பேரும்.

"பெருநாள் முடிஞ்ச கையோட எழுதிப் போட்டா, அவங்களும் நாள் வெப்பாங்க."

கட்டாயம் இல்லை என்றும் சொன்னார். இரண்டு தரம். கட்டாயப்படுத்தியிருந்தால் மறுத்திருக்கலாம். அகப்பையை நிறுத்தாமல் "போயிட்டு வா" என்று சொன்னபோதே இந்த வாத்தியார் வந்துவிட்டிருக்கிறார். எனக்குக் கிடைத்தது அனுமதி என்று நினைத்தேன். அறையைக் காலி செய்யச் சொன்ன அறிவித்தல்.

மார்ச் 23

தர்ஷினியிடம் சொன்னேன். பஸ்ஸில் சன நெரிசல், காதுக்குள் கத்தினாள்.

"கடிதம் வராம ஒண்டிலயும் சைன் வைக்காத."
"அவங்க சந்திப்பம் எண்டு சொன்னவங்க."
"எங்கட மாமாவும் எனக்கு வேல எடுத்துத் தாறன் எண்டுதான் சொன்னவர். இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்."
"அவ பேராசிரியை, தர்ஷி."
"ஓம், மாமாவும் அதிபர்தான்."

கோபம் வந்தது. அவளுக்குப் பொறாமை என்று நினைத்தேன். எழுதிவைக்கிறேன், நினைத்தேன் என்று.

ஏப்ரல் 8

கல்முனை நகரம். வெக்கை. பத்திரம் எழுதும் நொத்தாரிசின் அறையில் மின்விசிறி, நாலு கதிரை, சுவரில் கஃபா படம். வாப்பா, உம்மா, ரிஸ்னா, நான். நன்கொடை உறுதி: வீடு இனி ரிஸ்னாவின் பெயருக்கு. "அன்பினாலும் பாசத்தினாலும்" என்று ஒரு வரி எல்லா உறுதியிலும் வருமாம். அச்சிட்டே வைத்திருக்கிறார்கள்.

நொத்தாரிசு கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"மனம் விரும்பித்தான் குடுக்கிறீங்களா மகள்?"
"ஓம்."
"யாரும் வற்புறுத்தல்லயே?"
"இல்ல."
"மகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போறா" என்றார் வாப்பா. கேட்காமலே.
"மாஷா அல்லாஹ். அப்ப சரி."

அப்ப சரி.

கையெழுத்து வைக்கும்போது நேர்முகத்தில் "சந்திப்போம்" என்ற அந்தக் குரல் ஞாபகம் வந்தது. பேனை நன்றாக ஓடியது. வெளியே வந்ததும் ரிஸ்னா அழுதாள். "ராத்தா, நீ எப்ப வந்தாலும் இது ஒன்ட வீடுதான்கா."

இன்று காலைவரை யாரும் என்னிடம் அப்படிச் சொல்லத் தேவை இருக்கவில்லை.

உம்மா சந்தைக்குள் போய்ப் பெரிய பெட்டி ஒன்று வாங்கினார். சில்லு வைத்தது. கடுங்குளிருக்கும் தாங்கும் என்று கடைக்காரர் சொன்னாராம். பெட்டிக்கு என்ன குளிர்?

ஏப்ரல் 24

வாய்மொழிப் பரீட்சை. வெளியிலிருந்து வந்த பரீட்சகர் ஒரேயொரு கேள்வி கேட்டார்: "வீட்டைக் கொடுத்த தாய்மாரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கொடுத்த மகள்மார் இல்லையா?"

"என் ஆய்வு மாதிரியில் இல்லை" என்றேன். உண்மை.

சேர் மகிழ்ச்சி. நல்ல புள்ளியோடு திறமைச் சித்தி நிச்சயமாம். "நோர்வேயில இருந்து எனக்கும் ஒரு ஜக்கெட் அனுப்புங்க" என்றார்.

மின்னஞ்சல் இல்லை.

மே 13

போன ஞாயிறு நிக்காஹ் முடிந்தது. மாப்பிள்ளையின் பெயர் முஸ்தாக். கணிதம் படிப்பிக்கிறார். ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தார், என் முதல் வசனத்தில் எழுதியபடியே. என்னுடையதைவிடச் சின்னப் பெட்டி. இரண்டும் ஒரு நாள் முழுக்க வீட்டு மண்டபத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பார்த்தவர்கள் எது வருகிறது, எது போகிறது என்று கேட்டுச் சிரித்தார்கள்.

வடக்கு யன்னல் அறை அவர்களுக்கு. அதில்தான் குளியலறை சேர்ந்திருக்கிறது. நான் தையல் மெசின் இருக்கும் நடு அறைக்கு. கதவு இல்லை, சீலைதான். புத்தகங்கள் மெசினுக்குக் கீழே. உம்மாவும் வாப்பாவும் பின்குசினிக்கு மாறிவிட்டார்கள். வாப்பா தகரத்துக்குக் கீழே பலகை அடித்திருக்கிறார். எங்கள் ஊரில் யானை இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

கெட்டவர் இல்லை முஸ்தாக். அதையும் எழுத வேண்டும். வாசலில் நின்று தொண்டையைச் செருமிவிட்டுத்தான் உள்ளே வருகிறார். நான் முக்காட்டை எடுத்துப் போட நேரம் கொடுக்கிறார்.

தங்கையின் கணவன் எனக்கு அந்நிய ஆண். அவர் இருக்கும் வீட்டில் தலை திறந்து நடக்க முடியாது. இது எனக்குத் தெரியாததல்ல. நாலாம் அத்தியாயத்தில் யோசிக்கவில்லை. வீடு என்றால் சுவர், கூரை, உறுதி என்று எழுதினேன். குளித்துவிட்டு ஈர முடியோடு மண்டபத்தில் நடந்து வந்து விசிறிக்குக் கீழே நிற்கிற இடம் என்று எழுதவில்லை.

மே 29

கடைசிப் பரீட்சை. வெளியே வந்து யாரும் குதிக்கவில்லை. தர்ஷினி பேனையைப் பையில் போட்டுக்கொண்டு, "முடிஞ்சிதடி" என்றாள். ஒலுவில் துறைமுகப் பக்கம் போய்க் கடலைப் பார்த்தோம். தோணிகள். மணல். கச்சான் காத்து கண்ணில் அடித்தது.

"இன்னும் வரல்லயா?"
"இல்ல."
அவள் செருப்பைக் கழற்றி மணலைத் தட்டினாள். "நான் சொன்னனே" என்று சொல்லியிருக்கலாம். சொல்லாததுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 6

வந்தது. நடு அறையில், தையல் மெசினில் சாய்ந்துகொண்டு வாசித்தேன்.

இந்த ஆண்டு விண்ணப்பித்தவர்கள் வழமைக்கு மாறாக மிகத் திறமையானவர்களாம். வருந்துகிறார்களாம். என் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறார்களாம். பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டார் தரகரிடம் சொல்லி அனுப்புவது போல. புள்ள நல்ல புள்ளதான், ஆனா.

எங்கள் சந்தையில் ஒருவர் "இன்ஷா அல்லாஹ், பார்ப்பம்" என்றால் அது இல்லை என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். வாப்பா கடன் கேட்பவர்களுக்கு அப்படித்தான் சொல்வார். கேட்டவரும் சலாம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதே சொல்லைத் திரையில் ஒரு நரைமுடிப் பெண் சொன்னதும் உறுதிமொழி என்று எடுத்துக்கொண்டு வந்து நொத்தாரிசின் முன் உட்கார்ந்தேன். நாலு வருடம் சமூகவியல்.

யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 10

இன்னும் சொல்லவில்லை. காலைத் தேத்தண்ணியில் முஸ்தாக், நிலத்தைப் பார்த்துக்கொண்டு, மரியாதையாக: "மதினி, பயணம் எப்பயாம்?"
"இன்னும் திகதி போடல்ல."
"எயார்போட்டுக்கு நான் வான் பேசித் தாறன். நம்மட ஆள் ஒருத்தர் இரிக்கார்."
ரிஸ்னா பக்கத்தில் நின்று அவரைப் பெருமையாகப் பார்த்தாள்.

அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. தன் வீட்டில் தங்கியிருக்கும் விருந்தாளியிடம் எவரும் கேட்பதுதான்.

தெருவில்: "இன்னும் போகல்லயாகா?" கடையில்: "ஆ, நீங்க போகல்ல?" போகாதது ஒரு தொழில் மாதிரி ஆகிவிட்டது.

ஆய்வேடு கட்டி வந்தது. நீல அட்டை, தங்க எழுத்து. அர்ப்பணம்: "எனக்கு வீடு தந்த உம்மாவுக்கு." ஜனவரியில் எழுதியது. மாற்ற மறந்துவிட்டேன்.

ஜூன் 14

கச்சான் காத்து. தகரம் எல்லாம் அடிக்கிறது. ரிஸ்னாவும் முஸ்தாக்கும் சாய்ந்தமருதுக்கு, அவருடைய உம்மாவைப் பார்க்க. வாப்பா கடையில்.

குளித்தேன். முடியை விரித்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்து, விசிறியைக் கூட்டிப் போட்டு, நிலத்தில் உட்கார்ந்தேன். கலியாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. முடி காய்கிற மணம். மறந்தே போயிருந்தது.

உம்மா பின்னாலிருந்து வந்தார். வாசல்படியில் செருப்பைக் கழற்றினார், முன்பு கழற்றமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல், விரலால் சிக்கெடுக்கத் தொடங்கினார்.

"அங்க குளிருக்கு முடி காயாதாம். கட்டையா வெட்டிட்டுப் போறியா?"
"உம்மா."
"ம்."
"அங்க இடம் கிடைக்கல்ல."

விரல் நின்றது. அன்று அகப்பையை நிறுத்தாத கை.

"எப்ப தெரியும்?"
"போன கிழம."

உம்மா என் முடியைக் கையில் சுற்றிப் பிடித்தார். ஏதோ சொல்ல வந்தார். மூச்சு என் பிடரியில் பட்டது. யன்னலால் அந்த நாலு தூணும் தெரிந்தன. கம்பியில் முஸ்தாக்கின் சேர்ட் ஒன்று காற்றில் உப்பிக்கொண்டு நின்றது.

வெளிப் படலையில் மோட்டார் சைக்கிள். நினைத்ததை விட வெள்ளனத் திரும்பிவிட்டார்கள். பிறகு வாசலில் அந்தச் செருமல்.

உம்மா என் முடியை விட்டார்.

"முக்காட்டப் போடு புள்ள."